சென்ட் கேட்பதற்கு முன் மில்லிமீட்டர் கேளுங்கள்: வைரத்தின் வெட்டு, ஜொலிப்பு, தோற்ற அளவு – முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர் ராஜ வீதியிலோ கிராஸ்கட் ரோட்டிலோ வைரத்தோடு வாங்க உட்காரும் குடும்பங்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கின்றன. எத்தனை சென்ட்? என்ன நிறம்? தோஷம் ஏதும் உண்டா? மூன்றும் கேட்க வேண்டியவைதான். ஆனால் கல் ஜொலிப்பதும், நாலடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதும் நான்காவதாக ஒன்றைப் பொறுத்தவை. கல்லை என்ன விகிதத்தில், எந்தக் கோணத்தில் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அது. நூலை வெறும் கிலோ கணக்கில் வாங்காமல், அதன் நயத்தைச் சொல்லும் கவுண்ட் எண்ணைக் கேட்டு வாங்கும் ஊர்க்காரர்கள் நாம். வைரத்தில் மட்டும் எடையைக் கேட்டவுடன் மனம் நிறைந்துவிடுகிறது.

நிறமும் சுத்தமும் மண்ணுக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. வெட்டு மட்டுமே முழுக்க மனிதன் கையில் இருப்பது. அதனால் நல்லது கெட்டது இரண்டும் அதில்தான் அதிகம்.

முதல் படி: பாகங்களின் பெயர்கள்

இங்கே சொல்வதெல்லாம் பெரும்பாலும் வட்டக் கல்லுக்கானது. கடைக்காரர்கள் ரவுண்ட் பிரில்லியண்ட் என்பார்கள். அதில் 57 பட்டைகள் உண்டு: மேலே 33, கீழே 24. அடிநுனியை மழுக்கி ஒரு குட்டிப் பட்டை வைத்தால் 58. உச்சியில் உள்ள பெரிய தட்டையான பட்டைக்கு டேபிள் என்று பெயர். அதைச் சுற்றி விளிம்பு வரை இறங்கும் சரிவு கிரௌன். விளிம்பு கர்டில். அதற்குக் கீழே கூம்பாக இறங்கும் பகுதி பெவிலியன். அடிநுனி க்யூலெட்.

சான்றிதழில் வரும் சதவீதங்கள் எல்லாம் கல்லின் விட்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுபவை. டேபிள் 57% என்றால், கல்லின் குறுக்களவில் நூற்றுக்கு 57 பங்கு அகலம் அந்த உச்சிப் பட்டைக்கு. மொத்த ஆழம் 61% என்றால், 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கல்லின் உயரம் 3.05 மில்லிமீட்டர்.

இரண்டாம் படி: ஒளி எப்படித் திரும்புகிறது

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. அதனால் கல்லுக்குள் போன ஒளி, உட்புறமாக ஒரு பட்டையில், அந்தப் பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் பட்டால் வெளியே போக முடியாது, அப்படியே எதிரொளிக்கும். இந்த எல்லைக்கு மாறுநிலைக் கோணம் என்று பள்ளியில் படித்திருப்போம். பெவிலியன் சரியான சாய்வில் இருந்தால், மேலிருந்து வந்த ஒளி ஒரு பக்கப் பட்டையில் பட்டு, எதிர்ப் பக்கத்துக்குத் தாவி, மறுபடியும் மேல்நோக்கி வந்து நம் கண்ணில் விழும். சாய்வு தப்பினால் அடியில் ஒழுகிப் போய்விடும். ஒழுகிய இடம் கண்ணுக்குச் சாம்பலாகவோ கருப்பாகவோ தெரியும்.

ஆன்ட்வெர்ப் நகரில், வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் இதற்குக் கணக்குப் போட்டு வெளியிட்டார். டேபிள் 53%, கிரௌன் கோணம் 34.5 டிகிரி, பெவிலியன் கோணம் 40.75 டிகிரி (கோணம் இரண்டும் விளிம்பின் தளத்திலிருந்து அளக்கும் சாய்வு). இன்று நல்ல வெட்டு என்று சொல்லப்படும் கற்கள் இந்த எண்களைச் சுற்றியே நிற்கின்றன. டேபிள் மட்டும் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது.

பெவிலியன் கோணம்தான் எல்லாவற்றுக்கும் தலை. அது 40 டிகிரிக்குக் கீழே போய், டேபிளும் அகலமாக இருந்தால், டேபிளுக்குள் விளிம்பின் பிம்பம் ஒரு சாம்பல் வளையமாகத் தெரியும். இதை மீன்கண் என்பார்கள். லூப் என்ற 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் நடுவில் பளிச்சென்ற வட்டம், அதைச் சுற்றி வெளுத்த வளையம், அதற்கு வெளியேதான் ஜொலிப்பு. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வெறுங்கண்ணுக்கே பிடிபடும். மறுபுறம், கோணம் 42.5 டிகிரியைத் தாண்டி ஏறினால் டேபிளின் நடுப்பகுதி முழுக்கக் கருத்துவிடும். இதற்கு ஆணித்தலை என்று பெயர். எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுவில் அந்த இருட்டு அசையாமல் நிற்கும்.

கிரௌனுக்கு வேறு வேலை. வெள்ளொளியைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்து வீசுவதில் அந்தச் சரிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கிரௌன் தாழ்ந்து, டேபிள் 62, 64% என்று விரிந்த கல் வெள்ளையாகப் பளிச்சிடும். நிறப்பொறி குறைவாக இருக்கும். கிரௌன் உயர்ந்த கல்லில் நிறப்பொறி கூடும். இரண்டில் எது அழகு என்பது அவரவர் கண். எனக்கு நிறப்பொறிதான் பிடிக்கும். டேபிள் 60%-ஐத் தாண்டிய கல்லை நான் எடுக்க மாட்டேன்.

இதே கணக்கு வேறு கல்லுக்குச் செல்லாது. காங்கேயம் பக்கம் கிடைக்கும் அக்வாமரின் என்ற இளநீலக் கல் பெரில் என்ற கனிம வகையைச் சேர்ந்தது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் பெரில் மணிகள் கிடைத்திருக்கின்றன. நம் மண்ணுக்கு அந்தக் கல் அவ்வளவு பழக்கம். பெரிலின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.58, மாறுநிலைக் கோணம் 39 டிகிரியை ஒட்டி வரும். வைரத்துக்கான 40.75 டிகிரியில் அதைத் தீட்டினால், கல்லை லேசாகச் சாய்த்தவுடனே அடியில் ஒழுகும். அக்வாமரின் வைரம் மாதிரி ஜொலிக்கவில்லையே என்று பத்தரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மூன்றாம் படி: எடை எங்கே ஒளிந்திருக்கிறது

1 கேரட் என்பது 100 சென்ட், அதாவது 0.2 கிராம். நன்கு வெட்டிய வட்டக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ இப்படி இருக்கும்: 5 சென்ட்டுக்கு 2.4 மில்லிமீட்டர், 10 சென்ட்டுக்கு 3, 25 சென்ட்டுக்கு 4.1, 50 சென்ட்டுக்கு 5.1, 1 கேரட்டுக்கு 6.4 முதல் 6.5, 2 கேரட்டுக்கு 8.1 முதல் 8.2 வரை. எடை இரட்டிப்பானால் குறுக்களவு கால்பங்கு அளவுக்கே கூடுகிறது. 2 கேரட் என்றதும் இரண்டு மடங்கு அகலத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

கடையிலேயே போட்டுப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு. குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, வருவதை 0.0061-ஆல் பெருக்கினால் கேரட் வந்துவிடும். எல்லா அளவும் மில்லிமீட்டரில். 6.45 மில்லிமீட்டர் குறுக்களவும் 61% ஆழமும் உள்ள கல் இந்தக் கணக்கில் 1 கேரட் ஆகிறது. அதே 1 கேரட்டை 65, 66% ஆழத்தில், தடித்த விளிம்போடு வெட்டினால் குறுக்களவு 6.2 வரை சுருங்கிவிடும். மேலிருந்து பார்க்கும் பரப்பில் சுமார் 8% போய்விடும். நீங்கள் காசு கொடுத்த எடை கல்லின் அடியிலும் விளிம்பிலும் உட்கார்ந்திருக்கும். காதில் போட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஏன் அப்படி வெட்டுகிறார்கள்? மூலக்கல்லில் இருந்து அதிக எடையைக் காப்பாற்றத்தான். 50 சென்ட், 1 கேரட் என்ற எல்லைகளைத் தொட்டவுடன் விலை ஒரு படி ஏறுகிறது. 96 சென்ட்டில் அழகாக முடிந்திருக்க வேண்டிய கல்லை, 1 கேரட் என்று எழுதுவதற்காகவே ஆழமாக விட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கத்தை நாம் நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். நன்கு வெட்டிய 95 சென்ட் கல்லின் குறுக்களவு 6.3 மில்லிமீட்டரைத் தாண்டும்; ஆழமான 1 கேரட் கல்லை விட அகலம். விலை குறைவு, தோற்றம் பெரிது. 46 முதல் 48 சென்ட் வரையிலான கற்களிலும் இதே லாபம் உண்டு. முழு எண்ணில் மோகம் கொண்ட சம்பந்தி வீட்டாரைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

அப்படியென்றால் தட்டையான கல் இன்னும் நல்லதா? காகிதத்தில் பார்த்தால் ஆம். 57% ஆழமுள்ள கல் அதே எடையில் அகலமாகவே இருக்கும். ஆனால் கண் மில்லிமீட்டரை அளப்பதில்லை, வெளிச்சத்தை அளக்கிறது. விளிம்பு வரை ஒளி திரும்பும் கல்லைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது முழு அகலமும் கல்லாகத் தெரியும். விளிம்பு இருண்ட கல்லில் நடுவே மினுங்கும் பகுதியை மட்டுமே கண் கல் என்று எடுத்துக்கொள்ளும். எனவே மீன்கண் கல் அளவுகோலில் பெரிதாகவும் மண்டபத்தில் சிறிதாகவும் இருக்கும்.

நான்காம் படி: சான்றிதழில் விரல் வைக்க வேண்டிய இடங்கள்

தனிக் கல்லாக, 30 சென்ட்டுக்கு மேல் வாங்கினால் ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் எடுக்காதீர்கள். வட்டக் கல்லுக்கு 2006 முதல் ஜி.ஐ.ஏ. கட் தரம் கொடுக்கிறது. எக்ஸலென்ட் அதில் உச்சம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. எக்ஸலென்ட் என்ற கூரையின் கீழ் பலதரப்பட்ட கற்கள் இடம்பிடித்துவிடும். எடையைக் காப்பாற்ற ஆழமாக வெட்டிய கல்லும் அதற்குள் வரும், டோல்கோவ்ஸ்கி கணக்கை ஒட்டி நிற்கும் கல்லும் வரும். விலைப் பட்டியலில் இரண்டும் ஒரே வரிசை.

சான்றிதழில் கல்லின் பக்கவாட்டுப் படம் ஒன்று இருக்கும். அதில் டேபிள் 54 முதல் 58% வரை, மொத்த ஆழம் 60 முதல் 62.3% வரை, கிரௌன் கோணம் 34 முதல் 35 வரை, பெவிலியன் கோணம் 40.6 முதல் 41 வரை இருந்தால் தைரியமாகக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விளிம்பு மெல்லியதில் தொடங்கி சற்றே தடித்தது வரை இருக்கலாம். மிக மெல்லியதானால் கல் பதிக்கும்போது சில்லு தெறிக்கும். மிகத் தடித்ததானால் எடை வீண். க்யூலெட் இல்லை என்றிருப்பது நல்லது.

இரண்டு கோணங்களையும் சேர்த்தே பாருங்கள். ஒன்று கூடினால் மற்றது குறைய வேண்டும். கிரௌன் 35, பெவிலியன் 40.6 நல்ல ஜோடி. கிரௌன் 34, பெவிலியன் 41 என்பதும் அப்படித்தான். கிரௌன் 36, பெவிலியன் 41.4 என்று இரண்டும் ஏறியிருந்தால் டேபிள் ஓரத்தைச் சுற்றி ஒளி ஒழுகும். சான்றிதழில் அச்சாவது முழுமையாக்கிய சராசரி எண்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்களை வைத்துக் கழிக்கலாம். தேர்ந்தெடுக்கக் கண் வேண்டும்.

"எல்லாம் பெல்ஜியம் கட்டிங்தாங்க" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோணம் எத்தனை என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் ஒரு தரம் ஆகாது. உலகத்து வைரங்களில் பெரும்பகுதி இன்று சூரத்தில்தான் தீட்டப்படுகிறது. அங்கே உன்னதமான வேலையும் நடக்கிறது, எடை காப்பாற்றும் வேலையும் நடக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் இதே எண்கள்தான், ஏனென்றால் அதன் ஒளிவிலகல் எண்ணும் 2.417 தான். அங்கே கல் மலிவு என்பதால் சுமாரான வெட்டை ஏற்றுக்கொள்ளக் காரணமே இல்லை.

ஐந்தாம் படி: கடை விளக்கை விட்டு வெளியே வாருங்கள்

நகைக்கடைக் கூரையில் வரிசையாகப் பதித்திருக்கும் சின்னச் சின்ன விளக்குகள் எந்தக் கல்லையும் ஜொலிக்க வைக்கும். ஒவ்வொரு விளக்கும் கல்லுக்குள் பல புள்ளிகளாகச் சிதறும். அந்த வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாசல் வரை கொண்டுபோகக் கேளுங்கள். நல்ல கடைகள் மறுப்பதில்லை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் மூடி வரும் கோவை வானம் வைரம் பார்க்க மிகவும் உகந்தது. வானம் முழுவதும் ஒரே சீரான வெளிச்சம். அதில் கல் விளிம்பு வரை வெள்ளையாக இருந்தால் அதன் வெட்டு உண்மையிலேயே நல்லது. ஒழுகும் இடங்கள் அதே வெளிச்சத்தில் சாம்பலாகக் காட்டிக்கொடுக்கும்.

உச்சி வெயில் இதற்கு உதவாது. நேர் வெயிலில் நல்ல வைரமும் இருண்டு, ஆங்காங்கே நிறப்பொறி மட்டும் தெறிக்கும். கல் மங்கிவிட்டது என்று பயப்பட வேண்டாம். நிறப்பொறியைப் பார்க்க இருட்டறையில் ஒற்றை விளக்கு போதும்.

கல்லை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். வெளிச்சமும் இருளும் பட்டை பட்டையாக இடம் மாற வேண்டும். எப்படிச் சாய்த்தாலும் ஒரே இடத்தில் இருட்டு நின்றால் அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகத்தை மிக அருகில் கொண்டுபோனால் உங்கள் தலையின் நிழலே கல்லில் கருப்பாகத் தெரியும். 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடியுங்கள்.

செய்தித்தாள் மேல் கல்லைக் கவிழ்த்து வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது அசலா போலியா என்பதைச் சொல்லாது. வைரம் போலவே தோன்றும் மொய்சனைட் என்ற கல்லும் அதில் தேறிவிடும். ஆனால் அசல் வைரத்திலேயே எழுத்து தெரிந்தால் அது தட்டையாக வெட்டப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: ஏழு கல் தோடு

நம் பக்கத்தில் வைரம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரே அளவுள்ள வட்டங்களில் ஒன்றைச் சுற்றி ஆறு மட்டுமே இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டு உட்காரும். ஏழு கல் அமைப்பின் அழகே இந்த வடிவக் கணிதம்தான். ஆனால் ஏழும் ஒரே குறுக்களவாக இருந்தால்தான் அது நிற்கும். எடையில் பொருத்தினால் போதாது. ஏழும் தலா 10 சென்ட் என்று சொல்லிவிட்டு, சில 3 மில்லிமீட்டரிலும் சில ஆழமாக 2.85-லும் இருந்தால் வளையத்தில் இடைவெளி விழும். அதைப் பொன்னால் நிரப்புவார்கள். பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பூவாகத் தெரிய வேண்டிய தோடு ஏழு துண்டாகத் தெரியும்.

சின்னக் கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வராது. வியாபாரிகள் அவற்றைத் துளையிட்ட சல்லடைத் தட்டில் சலித்து, குறுக்களவு வாரியாகப் பிரிக்கிறார்கள். தோட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, ஒரே சல்லடை அளவில் பதினான்கு கற்கள் வேண்டும் என்று கேளுங்கள். பதிக்கும் முன்பு அவற்றை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, டேபிள் கீழே படும்படி வரிசையாக வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கூம்பு நுனிகள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் தலை தூக்கி நின்றால் அவைதான் ஆழமானவை, மாற்றித்தரச் சொல்லுங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து நீரோட்டம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தோடு மோதிரத்தைப் போல அருகில் பார்க்கும் நகை அல்ல. நாலைந்து அடி தள்ளி, செங்குத்தாக நிற்கும் நிலையில் பார்ப்பது. பார்ப்பவர் தலை நிழல் அதில் விழாது. அதனால் தோட்டுக்குச் சற்றே தட்டையான கல்லை, அதாவது 59, 60% ஆழத்தை, ஒப்புக்கொள்ளலாம். அகலம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மோதிரத்தில் அந்தச் சலுகை வேண்டாம்.

மஞ்சள் தங்கத்தில் முழுக்க மூடிப் பதித்தால் விளிம்பு மறைந்து கல் சிறுக்கும். கல்லைச் சுற்றி மட்டும் வெள்ளைத் தங்கம் வைத்தால் கல்லும் உலோகமும் கலந்து சற்றுப் பெரிதாகத் தோன்றும். சின்னக் கல்லின் அடியில் பட்டை போட்ட வெள்ளைத் தகடு வைத்துப் பெரிதாகக் காட்டும் வழக்கமும் உண்டு. அதில் தப்பில்லை, தகட்டை வைரமாக எண்ணி விலை கொடுக்காத வரை.

மூக்குத்தியும் மற்ற வடிவங்களும்

மூக்குத்திக்கு 2, 3 சென்ட் கல் என்றால் 57 பட்டையை வற்புறுத்த வேண்டாம். பட்டைகள் மிகச் சிறியதானால் மினுக்கல்களும் பொடியாகி, கண்ணுக்கு ஒரு வெண்மைக் கலக்கமாகவே படும். 17 பட்டையுள்ள சிங்கிள் கட் கல் அந்த அளவில் பளிச் பளிச்சென்று வெட்டும்.

ஓவல், பேரிக்காய், மார்க்கீஸ் வடிவங்கள் அதே எடையில் வட்டத்தை விட நீளமாகத் தெரியும். 1 கேரட் மார்க்கீஸ் 10 மில்லிமீட்டர் நீளத்தை எட்டும். நடுவில் குறுக்காக ஒரு கருப்பு வில்முடிச்சு விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிரின்சஸ் சதுரத்தில் 70% ஆழம் சாதாரணம். எடை அடியில் தங்குவதால் 1 கேரட்டும் 5.5 மில்லிமீட்டர் பக்கத்தோடு நின்றுவிடும்.

அம்மாயி கொடுத்த பழைய கல்

பல வீடுகளில் ப்ளூ ஜாகர் என்று பெயர் சொல்லி வைத்திருக்கும் தோடுகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தை ஒட்டி வந்த பெயர் அது. இத்தகைய பழைய கற்களில் டேபிள் சின்னதாக, கிரௌன் உயரமாக, க்யூலெட் பெரிதாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் ஓட்டை மாதிரி தெரியும். அது தோஷம் அல்ல. விளக்கொளியில் பெரிய பெரிய நிறப்பொறிகளை வீசுவது இவற்றின் குணம். புதிதாகத் தீட்டிக் கொடுக்கிறேன் என்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கோணம் மாற்றினால் எடையும் குறையும், சில சமயம் குறுக்களவும் சுருங்கும். பெரும்பாலான பழைய கற்களுக்கு முதலில் தேவைப்படுவது சுத்தம்தான்.

கடைசிப் படி: எண்ணெய்ப் பிசுக்கு

வைரத்துக்கு எண்ணெய் என்றால் அப்படியொரு பாசம். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகை மேல் நீரோடு கல்லை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை நம்பித்தான். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பவுடரும் தோட்டின் பின்பக்கம் ஏறும்போது நடப்பது வெறும் அழுக்கு அல்ல. கல்லின் பின்னால் காற்று இருந்த இடத்தில் எண்ணெய் வந்துவிட்டால் மாறுநிலைக் கோணம் 24.4-லிருந்து சுமார் 37 டிகிரிக்குத் தாவிவிடும். 40.75 டிகிரி பெவிலியனில், சுத்தமான கல் டேபிள் வழியாக 40 டிகிரி வரை சாய்ந்து வரும் ஒளியைக்கூட ஒழுகவிடாமல் பிடிக்கும். பிசுக்கேறிய கல்லில் 9 டிகிரி சாய்ந்தாலே ஒழுக்குத் தொடங்கிவிடும். லட்சம் கொடுத்து வாங்கிய வெட்டை ஒரு சொட்டு எண்ணெய் கெடுக்கிறது.

வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, தோட்டைச் சிறிது நேரம் ஊறவைத்து, மென்மையான குழந்தைப் பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேயுங்கள். மேல் பட்டையை விடப் பின்பக்கம்தான் முக்கியம். கழுவுதொட்டியின் துளையை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். பின்பக்கம் முழுக்க மூடிப் பதித்த பழைய நகையாக இருந்தால் நீரில் முக்கவே கூடாது. உள்ளே நீர் இறங்கினால் அடித்தாள் கறுத்து, கல் நிரந்தரமாக மங்கிவிடும். அதைப் பத்தரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதே வழி. கொடுக்கும் முன் ஒவ்வொரு கல்லின் குறுக்களவையும் மில்லிமீட்டரில் அளந்து, லூப் வழியாகப் படம் எடுத்து, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.